பின்வரிசையில் ஆடும் மகள்

அன்புள்ள ஐயா,

கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்) எழுதுகிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து கால்பந்து ஆடுகிறாள். இத்தனை நாளும் ஃபார்வேர்டு, முன்னால் நின்று கோல் போடும் இடம். கோல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் தெருவே கேட்கிற மாதிரி சொல்லுவாள். இந்த வருடம் வந்த புதுக் கோச் அவளை ஸ்டாப்பராக, அதாவது நம் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் இடத்தில், நிறுத்திவிட்டார். "என்னப் பின்னால தள்ளிட்டாங்கம்மா" என்று அழுதாள். போன மாதம் ஒரு போட்டியில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். கோல் போட்ட பிள்ளையை எல்லாரும் தூக்கிக் கொண்டாடினார்கள், இவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் மாமா கேட்ட முதல் கேள்வி, "நீ எத்தன கோல் போட்ட?"

நீங்கள் தடுப்பாட்டக்காரர் லிலியான் துராம் பற்றி எழுதியிருந்த சின்னக் குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஃபிரான்ஸுக்காக 142 ஆட்டம் ஆடி இரண்டே கோல் போட்டவர் என்று எழுதியிருந்தீர்கள். "அவரு ஆம்பள, ஃபிரான்ஸ்காரரு, அவரக் காட்டி என்ன ஏமாத்தாத" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பின்னால் ஆடுகிற பெண்ணுக்கு இதில் வாழ்க்கை உண்டா ஐயா? அவள் ஆட்டத்தைப் போய்ப் பார்க்கிறேன், ஆனால் எதைப் பார்ப்பது என்றே புரியவில்லை. அடிக்கடி தலையால் பந்தை முட்டுகிறாள், அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அடுத்த வருடம் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்கிறார் கோச். அனுப்பலாமா?

என் பெயர் போட வேண்டாம்.

ஒரு தாய்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது மாமாவின் கேள்விதான். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். கால்பந்து என்றால் கோல், அவ்வளவுதான் நம் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் பத்திரிகையும் கோல் போட்டவர் பெயரைத்தான் போடும். கோல் விழாமல் தடுத்தவர் செய்த வேலைக்குக் கணக்கே கிடையாது, ஏனென்றால் நடக்காமல் போன ஒன்றை யாரும் எழுதி வைப்பதில்லை. உங்கள் மகள் ஆடிய அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த ஒன்று யாருடையது என்று மைதானத்துக்கே தெரியும். அந்தப் பூஜ்யத்தில் உங்கள் மகளுக்கும் பங்கு இருக்கிறது. அதை அவளிடம் யாராவது சொன்னார்களா?

துராமை அவள் ஏற்கவில்லை என்றாலும் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தச் சின்னக் குறிப்பில் முக்கியமான விஷயத்தைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது.

1998 உலகக் கோப்பை அரையிறுதி, ஜூலை 8. நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இங்கே புதுச்சேரியில் ஃபிரான்ஸ் ஆடுகிறது என்றால் சொல்தா குடும்பங்கள் (ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள்) இருக்கும் தெருக்களில் யாரும் தூங்குவதில்லை. முன்பு ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பக்கத்து வீட்டுப் பெரியவரின் வீட்டில்தான் நானும் பார்த்தேன். எதிரணி குரோவேஷியா. இடைவேளை முடிந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டேவோர் சூக்கர் கோல் போட்டுவிட்டார். ஃபிரான்ஸின் தடுப்பு வரிசையில் மற்றவர்கள் முன்னே ஏறியிருக்க, வலது பக்கம் துராம் மட்டும் ஓரடி பின்தங்கி நின்றார். அந்த ஓரடியால்தான் சூக்கர் ஆஃப்சைடு (தடுப்பு வரிசையைத் தாண்டி முன்னால் நிற்கும் பிழை) ஆகவில்லை. அரையிறுதி, சொந்த நாடு, தன் பிழையால் ஒரு கோல். உடைந்துபோக இதைவிட என்ன வேண்டும்?

ஆட்டம் மறுபடி தொடங்கியதுமே துராம் முன்னேறிப் போய் குரோவேஷியத் தலைவர் போபானின் காலிலிருந்து பந்தைப் பறித்தார். ஜோர்காயெஃபிடம் கொடுத்துத் திரும்ப வாங்கினார், கோல் போட்டார். பிறகு 70ஆவது நிமிடத்தை ஒட்டி, கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்கு வெளியிலிருந்து இடது காலால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் லோரான் பிளாங் ரெட் கார்டு வாங்கி வெளியேற, மீதி நேரத்தைப் பத்துப் பேராக ஓட்டி 2-1 என்று ஜெயித்தார்கள். தேசிய அணிக்காக அவர் வாழ்நாளில் போட்ட இரண்டு கோலும் அந்த ஒரே ராத்திரியில் வந்தவை. நான்கு நாள் கழித்து ஃபிரான்ஸ் பிரேசிலை 3-0 என்று வென்று கோப்பையை எடுத்தது.

எல்லாரும் அந்த இரண்டு கோலைத்தான் பேசுவார்கள். நான் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புவது வேறு. அந்த உலகக் கோப்பையில் ஃபிரான்ஸ் ஏழு ஆட்டம் ஆடியது. மொத்தம் வாங்கிய கோல் இரண்டு. ஒன்று டென்மார்க் ஆட்டத்தில் பெனால்டி, மற்றது சூக்கருடையது. துராம், தெசாயி, பிளாங், லிசராசு என்ற நான்கு பேரும் பின்னால் கோல்கீப்பர் பார்த்தேஸும் கட்டிய சுவர் அது. அந்தத் தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரர் என்ற வெண்கலப் பந்து துராமுக்குக் கிடைத்தது. பின்வரிசைக்காரர் ஒருவருக்கு அப்படிக் கிடைப்பது அரிது.

அவர் பிறந்தது குவாடலூப் தீவில். ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் வந்தார். மொனாக்கோ கிளப்பில் அவரை முதலில் ஆட வைத்தவர் கோச் அர்சென் வெங்கர். பிறகு பார்மா, யுவெந்துஸ், பார்சிலோனா கிளப்புகள். 2008-ல் மருத்துவச் சோதனையில் இதயக் கோளாறு தெரிந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார். அதே வருடம் நிறவெறிக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார்.

சரி, "அவரு ஆம்பள" என்ற கேள்விக்கு வருகிறேன். அவள் கேட்டது நியாயம். அவளுக்கு நீங்கள் காட்ட வேண்டிய ஆள் வெண்டி ரெனார்.

இவரும் தீவுப் பெண்தான். மார்ட்டினிக். எட்டு வயதில் அப்பாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். ஃபிரான்ஸின் பெரிய பயிற்சி மையமான கிளேர்ஃபோந்தேனுக்குத் தேர்வுக்குப் போனார், எடுக்கவில்லை. லியோன் நகரத்துக் கிளப் அவரைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. அப்போது வயது 16. கடல் தாண்டி, அம்மாவை விட்டு, குளிர் ஊரில். 2006-ல் அங்கே போனவர் அதே கிளப்பின் ஸ்டாப்பராக நின்று, அணித் தலைவியாகி, ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகை எட்டு முறை வென்றார். ஃபிரான்ஸுக்கும் பல ஆண்டுகள் தலைவி.

இவருடைய 2019 உலகக் கோப்பையை உங்கள் மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக கார்னரில் வந்த பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். ஊரே கொண்டாடியது. அடுத்த ஆட்டம் நார்வேயுடன். தன் கோலுக்கு முன்னால் வந்த பந்தை வெளியேற்றப் போய், சொந்தக் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டார். சேம் சைடு கோல்! உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகும் மீதி அரை மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று, அதே மாதிரி அதட்டி, வரிசையை நடத்தினார். ஃபிரான்ஸ் 2-1 என்று ஜெயித்தது. அதற்கடுத்த நைஜீரியா ஆட்டத்தில் பெனால்டி. முதல் அடி கம்பத்தில் பட்டுப் போனது. கீப்பர் கோட்டை விட்டு முன்னே வந்துவிட்டதால் மறுபடி அடிக்கச் சொன்னார்கள். மறுபடியும் அவரே வந்து அடித்தார், கோல்.

ஃபார்வேர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றைப் போட்டால் நாயகி. ஸ்டாப்பர் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அன்றைக்கு அவள்தான் குற்றவாளி. இது அநியாயம்தான், ஆனால் இந்த இடத்தின் இயல்பு அதுதான். பிழை செய்த அடுத்த நிமிடமே அதே இடத்தில் நின்று ஆட வேண்டும். இதைத் தாங்கப் பழகுவது கால் திறமையைவிடக் கஷ்டம். கோச் அவளிடம் அந்தத் தாங்கும் சக்தியைப் பார்த்திருக்கலாம். இல்லை, உயரம் இருக்கிறது என்று மட்டும் நிறுத்தியிருக்கலாம். அவரிடமே கேட்கச் சொல்லுங்கள், "என்ன ஏன் சார் ஸ்டாப்பரா போட்டீங்க?" என்று நேராக. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல கோச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

பின்னால் போடுவது பதவி இறக்கம் என்ற எண்ணத்துக்கு ஒரு பழைய கதை. 1925 வரை ஆஃப்சைடு விதி வேறு மாதிரி இருந்தது. முன்னால் போகிறவருக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். அந்த வருடம் அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல்கள் மளமளவென்று விழ ஆரம்பித்தன. அப்போது இங்கிலாந்தில் அர்செனல் அணியை நடத்திய ஹெர்பர்ட் சாப்மன், நடுக்களத்தின் மையத்தில் நின்றவரைப் பின்னுக்கு இழுத்து இரண்டு பேக்குகளுக்கும் நடுவே நிறுத்தினார். இன்று உங்கள் மகள் நிற்கும் ஸ்டாப்பர் இடம் அப்படித்தான் நிலைத்தது. மொத்த ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த ஆளைத்தான் அந்த இடத்துக்குத் தேடி அனுப்பினார்கள்.

தவிர, இடம் என்பது ஆயுளுக்கும் எழுதி வைத்ததில்லை. நம் ஜர்னைல் சிங்கைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து வந்து கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் ஆடியவர், ஆசியாவின் பெரிய ஸ்டாப்பர்களில் ஒருவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். இந்திய அணிக் கோச் ரஹீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் ஃபார்வேர்டாக இறக்கினார். இரண்டிலும் கோல் போட்டார். இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் எடுத்தது. (தையல் போட்ட தலையோடு ஆடுவதை இன்று எந்த டாக்டரும் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. அது பற்றிக் கீழே சொல்கிறேன்.)

இனி, எதைப் பார்ப்பது என்ற உங்கள் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் மகளை மட்டும் பாருங்கள். பந்து எதிர்க் கோடியில் இருக்கும்போது அவள் என்ன செய்கிறாள்? சும்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறாளா, அல்லது இரண்டடி இப்படி, மூன்றடி அப்படி என்று நகர்ந்துகொண்டே இருக்கிறாளா? தலையைத் திருப்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறாளா? தேவனாம்பட்டினத்தில் கரைவலை போடும்போது மேட்டில் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டாப்பர் செய்வதும் அதுதான். பந்து வந்தபின் ஓடுகிறவள் பிந்திவிடுவாள்.

அப்புறம் எதிரி பந்தோடு நேராக வரும்போது பாருங்கள். புதிதாக ஆடுகிற பிள்ளைகள் பாய்ந்து காலை விடுவார்கள். ஒரு தட்டு, தாண்டிப் போய்விடுவாள் எதிரி. பழகியவள் பாய மாட்டாள். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி, ஒரு கை தூரத்தில் பின்னாலேயே போவாள். ஓரக் கோட்டுப் பக்கமாக எதிரியைத் தள்ளிக்கொண்டு போவாள். எதிரியை இரண்டு வினாடி தாமதிக்க வைத்தால் போதும், இன்னும் இரண்டு பேர் உதவிக்கு வந்துவிடுவார்கள். அங்கே பந்தைப் பறித்தது வேறு பிள்ளையாக இருக்கலாம், பறிக்க வைத்தது உங்கள் மகள். நம் ஊர் மைதானங்களில் கல்லும் சரளையும்தான். சறுக்கி விழுந்து பந்தை எடுப்பது டிவியில் அழகாக இருக்கும், இங்கே தொடைத் தோல் போய்விடும். நின்றபடியே பறிக்கக் கற்றுக்கொள்வது இரண்டு வகையில் நல்லது.

கடைசியாகக் காதால் பாருங்கள். அவள் கத்துகிறாளா? ஸ்டாப்பர் ஒருத்திக்குத்தான், கீப்பரைத் தவிர, மொத்த மைதானமும் கண் முன்னால் இருக்கிறது. மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதை அவள்தான் சொல்ல வேண்டும். "மேன் ஆன்" (எதிரி நெருங்கி வருகிறாள்), "டைம் இருக்கு", "மேல ஏறு", "லெஃப்ட்ல பாரு". பேசாத ஸ்டாப்பர் பாதி ஸ்டாப்பர். நம் வீடுகளில் பெண் பிள்ளை சத்தமாகப் பேசினாலே அதட்டுகிறோம். மெதுவாகப் பேசு, சிரிக்காதே, அடக்கமாக இரு. பதினான்கு வயதுவரை இதைக் கேட்டு வளர்ந்தவள் மைதானத்தில் பத்துப் பேருக்கு உத்தரவு போட வேண்டும் என்றால் எங்கிருந்து வரும் குரல்? வீட்டில் அவள் சத்தம் போட்டால் விட்டுவிடுங்கள் சகோதரி. மாமாவிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்து வந்ததும் இவற்றில் நீங்கள் பார்த்த ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். "அந்த ஒன்பதாம் நம்பர் பொண்ண நீ ஓரத்துக்கே தள்ளிட்டுப் போன பாரு, அத நான் பாத்தேன்" என்று. அவள் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

வாழ்க்கை உண்டா என்று கேட்டீர்கள். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன்.

பின்வரிசைக்காரர்களுக்கு ஆட்ட ஆயுள் கொஞ்சம் நீளம். வேகம் குறைந்தாலும் கண்ணும் அனுபவமும் கைகொடுக்கும். இத்தாலியின் மால்தீனி 40 வயதுவரை ஆடினார். நம் நாட்டில் மணிப்பூரின் ஆஷாலதா தேவி இருக்கிறார். ஸ்டாப்பர்தான், இந்திய அணித் தலைவியாக இருந்தவர். 2024 அக்டோபரில் காட்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியபோது, இந்தியாவுக்காக 100 ஆட்டம் ஆடிய முதல் பெண் ஆனார். யோசித்துப் பாருங்கள், அந்த முதல் நூறைத் தொட்டது ஒரு பின்வரிசைக்காரி. 2025 ஜூலையில் நம் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்தத் தகுதிச் சுற்றில் நான்கு ஆட்டம், போட்டது 24 கோல், வாங்கியது ஒன்றே ஒன்று.

உங்கள் மாவட்டத்துக்கும் இதில் பெருமை உண்டு. சுனாமிக்குப் பிறகு ஆதரவற்ற பிள்ளைகளையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்த கோச் மாரியப்பனின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி 2018-ல் இந்தியப் பெண்கள் லீகின் இறுதிச் சுற்றிலேயே ஆடியது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதியும் சந்தியாவும் கடலூர் மாவட்டத்துப் பெண்கள். ஒருவர் நடுக்களம், ஒருவர் ஃபார்வேர்டு. அந்த மாவட்டத்திலிருந்து ஒரு ஸ்டாப்பர் இன்னும் அந்த உயரத்தில் பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும். ஆக, இங்கே ஆட்டம் இருக்கிறது.

பணம்தான் குறைவு. 2023-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், பெண்கள் லீகின் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருடத்துக்கு 3.2 லட்சமாவது கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதை ஒரு பெரிய முன்னேற்றம் என்று கொண்டாடினோம் என்றால் அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும்! ஆண்கள் பக்கமும் நிச்சயம் இல்லை. 2025-ல் ஆண்களின் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரே குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் தள்ளிப்போனது. நம் ஆட்டக்காரர்களை உண்மையில் காப்பாற்றுவது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். காவல்துறை, ரயில்வே, வங்கி, அரசு அலுவலகங்கள். இந்துமதியே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதனால் ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். சங்கச் செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஐந்து வருடம் கழித்து அந்தக் கையெழுத்துக்கு அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படிப்பை விடவே கூடாது. பல வேலைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்போ டிகிரியோ இல்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தலையால் முட்டுவது பற்றிய உங்கள் பயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆய்வாளர்கள் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். மூளை நரம்பு தேயும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019-ல் வெளியிட்டார்கள். 2021-ல் ஆடும் இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த நோய்கள் வரும் ஆபத்து பின்வரிசைக்காரர்களுக்குத்தான் மிக அதிகம், ஏறத்தாழ ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது, பல வருடம் தொழிலாக ஆடியவர்களைப் பற்றியது. அதை அப்படியே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருத்தி மிரள வேண்டாம். ஆனால் அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தலையால் முட்டவே கூடாது என்று 2015-ல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 2020-ல் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியில் அதை நிறுத்தச் சொன்னார்கள்.

கோச்சிடம் மூன்று விஷயம் பேசுங்கள். பயிற்சியில் திரும்பத் திரும்ப ஐம்பது அறுபது தடவை முட்ட வைக்க வேண்டாம். சரியான முறையைக் கொஞ்சமாக, லேசான பந்தில் கற்றுக் கொடுக்கட்டும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ குழப்பமோ இருந்தால் அன்றைக்கு மறுபடி இறங்கவே கூடாது, எவ்வளவு முக்கியமான ஆட்டமாக இருந்தாலும். டாக்டர் பார்த்துச் சொன்னபின் ஆடட்டும். இதில் மட்டும் நீங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, முழங்கால். இந்த வயதுப் பெண்களுக்கு ஏ.சி.எல். என்ற முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். ஓடி வந்து சட்டென்று திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும் கிழிகிறது. ஆபரேஷன் ஆனால் ஒன்பது மாதம், ஒரு வருடம் போய்விடும். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிடம், ஒரு கருவியும் வேண்டாம், இணையத்தில் படத்தோடு கிடைக்கும். தொடர்ந்து செய்தால் காயம் நன்றாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அவள் அணியே அதைச் செய்யட்டும்.

விடுதிக்கு அனுப்பலாமா? தேர்வில் கலந்துகொள்ள அனுப்புங்கள். தேர்வானால் சேர்ப்பதற்கு முன் நீங்களும் கணவரும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பெண் வார்டன் ராத்திரியும் அங்கேயே தங்குகிறாரா? பிள்ளைகளுக்கு வீட்டோடு பேச போன் எப்போது கிடைக்கும்? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பயிற்சியால் போன பாடத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்? அங்கே இருக்கும் பெரிய பெண்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள், அவர்கள்தான் உண்மையைச் சொல்வார்கள். பதில்கள் திருப்தி என்றால் சேருங்கள். இல்லையென்றால் கடலூரிலேயே இன்னும் இரண்டு வருடம் ஆடட்டும், பதினொன்றாம் வகுப்பிலும் சேர வாய்ப்பு உண்டு. ஸ்டாப்பருக்கு அவசரம் இல்லை.

ரெனாரின் ஆட்டங்கள் யூடியூபில் இருக்கின்றன. 2023 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக 83ஆவது நிமிடத்தில் அவர் போட்ட கோலை அவளே தேடிப் பார்த்துக்கொள்வாள். நீங்கள் அவளை அந்த ஆட்டத்தை முதலிலிருந்து முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள், ரெனார் பந்து இல்லாமல் எங்கே நிற்கிறார் என்பதற்காக. மாமாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து